புகைக்கரியால் ஓவியம் தீட்டிய ஜேம்ஸ் காசில்

ஓவியம் வரைய என்னென்ன வேண்டும் என்று கேட்டால் நாம் உடனே ஒரு பட்டியல் சொல்லிவிடுவோம். வழுவழுப்பான வெள்ளைத் தாள், பன்னிரண்டு வண்ணங்கள் அடங்கிய பெட்டி, மெல்லியதும் தடித்ததுமாக நாலைந்து தூரிகைகள், சொல்லித்தர ஓர் ஆசிரியை, வரைந்ததைப் பார்த்துப் பாராட்ட நாலு பேர். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நமக்குக் கை ஓடுவதில்லை. ஆனால் இவை எவையும் இல்லாமலே வரையத் தொடங்கி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் வரைந்துகொண்டிருந்த ஒரு மனிதர் இருந்தார். பிறர் எழுதியும் படித்தும் கழித்துப் போட்ட காகிதங்களே அவருடைய தாள்கள். விறகடுப்பில் படிந்த புகைக்கரியே அவருடைய மை. சீவிய குச்சியே அவருடைய தூரிகை. அவர் பெயர் ஜேம்ஸ் காசில்.

அவர் பிறவியிலேயே காது கேளாதவர். பள்ளிக்குச் சென்றும் எழுதப் படிக்கக் கற்காமல் வீடு திரும்பியவர். அப்படிப்பட்டவருடைய படங்களை அமெரிக்காவின் பெரிய கலைக்கூடங்கள் இன்று கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் போற்றுகின்றன. ஆண்டுதோறும் பழைய பாடப் புத்தகங்களை எடைக்குப் போடும் நம் மாணவியர் இவரைப் பற்றி அறிந்துகொள்வது நலம் என்று ஓவிய மன்றத்தினராகிய நாங்கள் கருதியதால், அவருடைய வாழ்க்கையை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

பிறப்பும் வீடும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குப் பகுதியில் ஐடஹோ என்ற மாநிலம் இருக்கிறது. மலைகளும் காடுகளும் நிறைந்த அம்மாநிலத்தில், கார்டன் வேலி என்னும் சிற்றூரில், 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் ஜேம்ஸ் காசில் பிறந்தார். தந்தையார் பிரான்சிஸ், தாயார் மேரி. உழவுத் தொழில் செய்த குடும்பம். தாயார் அக்கம்பக்கத்தில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சியாகவும் இருந்தார்.

உரிய காலத்திற்கு முன்பே பிறந்த குழந்தை ஜேம்ஸ். ஓசை என்பதையே அறியாத குழந்தை அது என்பதைப் பெற்றோர் விரைவில் உணர்ந்தனர். அவருடைய சகோதரி நெல்லியும் சிறு வயதில் செவிப்புலனை இழந்தவர். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் காது கேளாதவர்கள் என்றால் அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அந்த வீட்டிற்கு ஒரு சிறப்பு இருந்தது. ஊரின் தபால் நிலையம் அந்த வீட்டிலேயே நடந்து வந்தது. கடிதம் வாங்கவும் அனுப்பவும் ஊரார் அங்கே வந்து போவார்கள். வந்தவர்கள் பேசிய பேச்சு ஒன்றும் ஜேம்ஸின் செவியில் விழவில்லை. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற உறைகள், கடைக்காரர்கள் அனுப்பிய விலைப்பட்டியல் புத்தகங்கள், பழைய படிவங்கள், தபால் முத்திரை விழுந்த துண்டுத் தாள்கள் எல்லாம் அவர் கைக்கு வந்தன. மற்றவர்களுக்கு அவை குப்பை. சிறுவன் ஜேம்ஸுக்கோ அவை வெளியுலகிலிருந்து வந்த செல்வம். மிக இளம் வயதிலேயே அவற்றின் மேல் அவர் வரையத் தொடங்கிவிட்டார்.

பள்ளியில் ஐந்து ஆண்டுகள்

1910-ஆம் ஆண்டு, குடிங் என்ற ஊரில் இருந்த காது கேளாதோர், பார்வையற்றோருக்கான மாநிலப் பள்ளியில் ஜேம்ஸ் சேர்க்கப்பட்டார். நெல்லியும் அங்கேதான் படித்தார். வீட்டை விட்டு வெகு தொலைவில், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டிய பள்ளி அது.

அக்காலத்தில் காது கேளாத பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுவது எப்படி என்பது பற்றிப் பெரிய கருத்து வேறுபாடு இருந்தது. 1880-ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகை மொழியைத் தள்ளிவிட்டு, வாய் திறந்து பேசவும் உதட்டசைவைப் பார்த்துப் பொருள் உணரவுமே இப்பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் பிறகு பல நாடுகளில் பல பள்ளிகள் அந்த முறையையே பின்பற்றின. ஓரளவு செவிப்புலன் எஞ்சியிருந்த பிள்ளைகளும், பேசக் கற்ற பின் காது கேளாமற் போன பிள்ளைகளும் அதில் ஓரளவு தேறினர். பிறந்தது முதலே ஓசை அறியாத பிள்ளைகள் பெரிதும் இடர்ப்பட்டனர். சைகை மொழியும் பிற மொழிகளைப் போல இலக்கணம் உடைய முழுமையான மொழியே என்பதை மொழியறிஞர்கள் ஏற்றுக்கொண்டது 1960-க்குப் பிறகுதான்.

ஜேம்ஸ் ஐந்து ஆண்டுகள் அப்பள்ளியில் இருந்தார். பேச வரவில்லை. எழுதவும் படிக்கவும் வரவில்லை. முறையான சைகை மொழியும் அவருக்குக் கைவரவில்லை என்றே குடும்பத்தார் கருதினர். இனி இவருக்குக் கற்பிக்க இயலாது என்ற முடிவோடு, 1915-ஆம் ஆண்டளவில் அவருடைய பள்ளி வாழ்க்கை முடிந்தது. அப்போது அவருக்கு வயது பதினைந்து, பதினாறு இருக்கும்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்வில் தோற்ற மாணவிக்கு மறுதேர்வு உண்டு. ஒரு பாடம் வராவிட்டால் வேறொரு பாடம் உண்டு. ஆனால் கற்கவே இயலாதவர் என்று கூறப்பட்ட பிள்ளைக்கு எந்தக் கதவு திறந்திருக்கும்? வீடு திரும்பிய அந்தப் பிள்ளையைப் பெற்றோர் ஒதுக்கிவிடவில்லை என்பதே அவர் வாழ்க்கையின் பெரும்பேறு. வயலில் வேலை செய்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தாமல், அவரை அவர் போக்கிலே விட்டனர். வீட்டாரும் அவரும் தங்களுக்குள் புரியும் சில கைச்சைகைகளால் அன்றாடக் காரியங்களைத் தெரிவித்துக்கொண்டனர். மற்ற நேரமெல்லாம் அவர் வரைந்தார்.

கரியும் குச்சியும்

அவர் வரைந்த முறை மிக எளியது. விறகடுப்பிலும் அதன் புகைபோக்கியிலும் படிந்திருக்கும் புகைக்கரியைச் சுரண்டி எடுப்பார். அதைத் தம் எச்சிலில் குழைப்பார். கூராகச் சீவிய குச்சியை அதில் தோய்த்துக் கோடு இழுப்பார். பஞ்சையோ துணியையோ உருட்டி அதே கரியைத் தாளின் மேல் இழுத்துத் தேய்ப்பார். அவ்வளவுதான்.

கேட்பதற்கு அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. புகைக்கரி தண்ணீரில் கரைவதில்லை. வெறும் நீரில் கலந்து பூசினால், காய்ந்ததும் உதிர்ந்துவிடும். அதைத் தாளோடு பிடித்து வைக்கப் பசைத்தன்மை உள்ள ஒரு பொருள் வேண்டும். எச்சில் அந்த வேலையைச் செய்தது. நீர்த்த கரி சாம்பல் நிறம் தந்தது. கெட்டியான கரி இருளைத் தந்தது. தொடாமல் விட்ட தாள் வெளிச்சத்தைத் தந்தது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பனி மூடிய காலையையும், சாளரத்தின் வழியே அறைக்குள் விழும் வெயிலையும், கதவுக்கு அப்பால் இருக்கும் இருட்டறையையும் அவர் காட்டினார்.

வண்ணம் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வழி கண்டார். வண்ணக் காகிதங்களை நனைத்து, அவற்றிலிருந்து கசியும் சாயத்தை எடுத்துப் பூசினார். துணிக்குப் போடும் நீலத்தையும் பயன்படுத்தினார். பிற்காலத்தில் உறவினர்கள் கடையிலிருந்து நல்ல வண்ணங்கள் வாங்கிக் கொடுத்ததுண்டு. ஆயினும் தம் கையால் குழைத்த கரியையே அவர் பெரிதும் விரும்பினார்.

தாளுக்கும் அவர் அலையவில்லை. கடித உறை, தீப்பெட்டி, உணவுப் பண்டங்கள் வந்த அட்டைப்பெட்டி, விலைப்பட்டியலின் பக்கம், பழைய புத்தகத்தின் ஏடு, வீட்டுப் பிள்ளைகள் பாடம் எழுதிக் கழித்த தாள் எனக் கைக்குக் கிடைத்ததெல்லாம் அவருக்கு வரைதாளே. அச்செழுத்தின் மேலேயே கரியைப் பூசி வீட்டையும் மரத்தையும் வரைவார். சில படங்களில் அடியிலுள்ள எழுத்து மெல்ல எட்டிப் பார்க்கும். காகிதத்தின் மடிப்பும் கறையும்கூடப் படத்தின் ஒரு பகுதியாகவே தோன்றும்.

படிக்கத் தெரியாதவர் செய்த புத்தகங்கள்

நம்மை மிகவும் நெகிழ வைப்பது அவர் செய்த புத்தகங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் தம் வாழ்நாளில் ஏராளமான புத்தகங்களைத் தாமே செய்தார். துண்டுத் தாள்களை ஒரே அளவாக வெட்டி அடுக்கி, நூலால் தைத்து, அட்டை போட்டு, முறையான நூல் போலவே உருவாக்கினார். உள்ளே திறந்தால் கட்டம் கட்டமாகப் பிரித்த பக்கங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறிய முகம். பள்ளி ஆண்டு மலரில் மாணவர்களின் நிழற்படங்களை வரிசையாக அச்சிடுவோமே, அதைப் போன்ற பக்கங்கள். வேறு சிலவற்றில் நாட்காட்டியைப் போன்ற கட்டங்கள். இன்னும் சிலவற்றில் எழுத்துகள். அவற்றுள் நாம் அறிந்த ஆங்கில எழுத்துகள் சில. எம்மொழியிலும் இல்லாத, அவரே அமைத்த எழுத்துகள் சில.

அந்த எழுத்துகளின் பொருள் என்ன என்று அறிஞர்கள் ஆராய்ந்து பார்த்தனர். விடை கிட்டவில்லை. எழுத்து அவருக்கு ஓசையின் அடையாளமாக இருந்திருக்க முடியாது. ஏனெனில் ஓசையையே அவர் அறியார். நிற்கும் கோடும் வளைந்த கோடும் வட்டமும் சேர்ந்த உருவமாகவே அவர் அதைக் கண்டிருக்க வேண்டும். பாடப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை நாம் பார்க்கும்போது நமக்குத் தெரிவது பாடம். அவருக்குத் தெரிந்தது வரிவரியாக அடுக்கிய அழகிய உருவங்கள்.

காது கேளாமை அவருக்கு வரமாக அமைந்தது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடக்கூடும். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். ஒரு பிள்ளைக்கு மொழி கிடைக்காமற் போவது பெரிய இழப்பு. தாயிடம் தன் கனவைச் சொல்ல முடியாமல், வலித்தால் எங்கே எப்படி வலிக்கிறது என்று விளக்க முடியாமல் ஒருவர் எழுபத்தெட்டு ஆண்டுகள் வாழ்வது எளிதன்று. புத்தகம் மற்றவர்களுக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை அவர் கண்டிருந்தார். தமக்குத் திறக்காத அந்தப் பொருளைத் தம் கையாலேயே மீண்டும் மீண்டும் செய்து பார்த்தார். அதில் மகிழ்ச்சியும் இருந்திருக்கும், ஏக்கமும் இருந்திருக்கும்.

குறைவான கோடுகள், நிறைவான நினைவு

1923-ஆம் ஆண்டு குடும்பம் கார்டன் வேலியை விட்டு ஸ்டார் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. 1931-இல் ஐடஹோவின் தலைநகரான பாய்ஸிக்குச் சென்றது. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் ஜேம்ஸ் பாய்ஸியிலேயே இருந்தார். பெற்றோர் மறைந்தபின் சகோதரியின் குடும்பத்தார் அவரைத் தங்களோடு வைத்துக் காப்பாற்றினர். வீட்டுக்கு அருகிலிருந்த கோழிக் கொட்டகையே நெடுங்காலம் அவருடைய ஓவியக்கூடம்.

ஆனால் அவர் மனம் பழைய ஊரை மறக்கவில்லை. கார்டன் வேலியின் வீட்டையும், களஞ்சியத்தையும், வேலியையும், தந்திக் கம்பங்கள் நிற்கும் பாதையையும், பின்னால் எழும் மலையையும் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நினைவிலிருந்தே வரைந்துகொண்டிருந்தார். அறையின் உட்புறத்தை வரைந்தால் கட்டில் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும், சுவரில் ஒட்டிய காகிதத்தில் என்ன கோலம் என்பதெல்லாம் அதில் இருக்கும். தொலைவில் உள்ளது சிறிதாகவும் அருகில் உள்ளது பெரிதாகவும் தோன்றும் முறையை அவர் தம் கண்ணாலேயே கற்றுக்கொண்டார்.

இத்தனையும் இருந்தும் அவர் படங்கள் நெரிசலாக இருப்பதில்லை. நான்கு கோட்டில் ஒரு வீடு. இரண்டு கோட்டில் ஒரு பாதை. மீதியெல்லாம் சாம்பல் நிற வெளி. அட்டையை வெட்டி நூலால் கட்டி அவர் செய்த பறவைகளும் சட்டைகளும் மனித உருவங்களும் இதைப் போலவே எளியவை. ஒரு மேற்சட்டைக்குத் தோளும் கையும் சில பொத்தான்களும் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எதை வரைய வேண்டும் என்பதை மட்டுமன்றி, எதை வரையாமல் விட வேண்டும் என்பதையும் அறிந்தவரே நல்ல ஓவியர்.

முடித்த படங்களை அவர் எறிந்துவிடவில்லை. கட்டுக் கட்டாகச் சேர்த்து, துணியாலும் கயிற்றாலும் கட்டி, பரணிலும் கொட்டகையிலும் சுவரின் இடுக்குகளிலும் பத்திரப்படுத்தினார். எதற்கும் பெயர் இல்லை. எதிலும் தேதி இல்லை. ஆகவே அவர் படங்களுள் எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்துவது ஆராய்ச்சியாளர்களுக்கு இன்றும் கடினமாக இருக்கிறது.

உலகம் கண்டுகொண்டது

ஜேம்ஸுக்கு ஐம்பது வயதாகும் வரை அவர் படங்களைக் குடும்பத்தார் தவிர வேறு யாரும் பெரிதாகப் பார்த்ததில்லை. 1950-ஆம் ஆண்டளவில், ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய உறவினர் ஒருவர், அவருக்கு மருமகன் முறை ஆகிறவர், விடுமுறைக்கு வந்தார். சிறு வயது முதல் பார்த்துப் பழகிய அந்தக் கரிப் படங்களை இப்போது புதிய கண்ணோடு பார்த்தார். சிலவற்றை எடுத்துச் சென்று தம் ஆசிரியர்களிடம் காட்டினார். அவர்கள் வியந்தனர். 1951 முதல் அவ்வட்டாரத்தில் அவருடைய படங்கள் கண்காட்சிகளில் வைக்கப்பட்டன. 1963-இல் பாய்ஸி நகரக் கலைக்கூடத்திலேயே அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடந்தது.

படங்கள் விற்ற பணத்தில் அவர் தங்கி வரைவதற்கு ஒரு சிறிய வண்டி வீடு வாங்கப்பட்டது. தம் படங்களைப் பார்க்க வந்தவர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவதில் அவருக்கு மிக்க மகிழ்ச்சி. புகழ் வந்தபின் அவர் தம் முறையை மாற்றவில்லை. அதே கரி, அதே குச்சி, அதே பழைய தாள்.

1977-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் தம் 78-ஆம் வயதில் அவர் காலமானார். அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2008-இல், பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியது. அது பின்னர் சிகாகோவுக்கும் சென்றது. 2011-இல் ஸ்பெயின் நாட்டு மத்ரீத் நகரிலும், 2013-இல் இத்தாலியின் வெனிஸ் கலைவிழாவிலும் அவர் படங்கள் இடம்பெற்றன. 2014-இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் அவருக்கெனக் கண்காட்சி அமைத்தது. பாய்ஸியில் அவர் வாழ்ந்த வீட்டை நகராட்சியே வாங்கிச் செப்பனிட்டு, 2018-இல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தது.

நமக்குத் தோன்றுவன

இந்த வாழ்க்கையைப் படிக்கும்போது ஒரு கேள்வி நம் நெஞ்சில் எழுகிறது. அந்த உறவினர் ஓவியக் கல்லூரிக்குச் செல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அல்லது வீட்டைக் கூட்டிப் பெருக்கும் ஒருவர், இந்தக் கரிக் காகிதங்கள் எதற்கு என்று அடுப்பில் போட்டிருந்தால்? ஜேம்ஸ் அப்போதும் வரைந்துகொண்டுதான் இருந்திருப்பார். இழப்பு நமக்குத்தான். அந்தக் குடும்பம் படங்களின் மதிப்பை முதலில் அறிந்திருக்கவில்லை. ஆயினும் அவை ஜேம்ஸுக்கு அருமையானவை என்பதை அறிந்திருந்தது. அந்த அறிவே போதுமானதாக இருந்தது.

பெற்றோர்களே, உங்கள் மகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதையாவது கிறுக்கி வைத்திருந்தால், கடிந்துகொள்ளும் முன் ஒரு முறை உற்றுப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல் பல செய்திகளைச் சொல்கிறது. எல்லாச் செய்திகளையும் சொல்வதில்லை. மாணவியரே, வகுப்பில் பின்தங்கிய தோழியை ஒன்றும் வராதவள் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அவளுக்கு வருவது எது என்று நாம் இன்னும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்வாண்டுத் தேர்வு முடிந்ததும் பழைய பாடப் புத்தகங்களைத் தங்கைக்கோ தேவைப்படும் பிள்ளைக்கோ கொடுத்துவிடுங்கள். பாடத்திட்டம் மாறியதாலோ கிழிந்துபோனதாலோ யாருக்கும் பயன்படாத புத்தகம் இருந்தால், அதிலிருந்து சில பக்கங்களை எடுத்து வையுங்கள். நூலகப் புத்தகத்தைத் தொட வேண்டா! எச்சிலும் வேண்டா. கரித்துண்டை நன்றாகப் பொடி செய்து, சிறிது சோற்றுக் கஞ்சியில் குழைத்தால் போதும். ஈர்க்குச்சி ஒன்றைச் சீவிக்கொள்ளுங்கள். அச்செழுத்தை அழிக்க முயலாமல் அதன் மேலேயே வரையுங்கள். உங்கள் வீட்டுத் திண்ணை, தெருக் குழாய், பக்கத்து வீட்டு ஆடு, அம்மாவின் கைப்பை, எதுவானாலும் சரி. பத்துக் கோட்டுக்கு மேல் போடுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று படங்கள் சரியாக வராது. நான்காவதில் கை பழகும்.

பள்ளி திறந்ததும் அவற்றை எங்களிடம் கொண்டு வாருங்கள். ஓவிய அறையின் சுவரில் ஒரு பலகை முழுவதையும் அதற்கென ஒதுக்கி வைத்திருக்கிறோம். பரிசு இல்லை, போட்டியும் இல்லை. வரைந்த ஒவ்வொருவரின் படமும் அதில் இடம்பெறும்.